இங்கிலாந்தில் தமிழ்ச் சங்கம் ஒன்றைச் சரிட்டியாகப் பதிந்து ஒழுங்காக நடத்துவது: யாப்பு முதல் ஆண்டுக் கணக்கு வரை

ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம், வார இறுதித் தமிழ்ப் பள்ளி, கோயில் என்று ஏதாவது ஒன்றை இங்கிலாந்திலோ வேல்ஸிலோ நடத்துகிறீர்களா? அல்லது "நீங்களும் கமிட்டிக்கு வாங்கோ" என்ற அழைப்பை மறுக்க முடியாமல் முதல் முறையாக ட்ரஸ்டி (சரிட்டியை நடத்தும் சட்டப் பொறுப்பாளர்) ஆகப்போகிறீர்களா? இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் சட்டமும் வேறு, மேற்பார்வை அமைப்பும் வேறு. இங்கே உள்ளதை அங்கே அப்படியே பொருத்த வேண்டாம். கட்டணங்களும் எல்லைத் தொகைகளும் 2025 நிலவரம்.

பதிவு எடுப்பதுதான் மலை என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு முறை செய்யும் வேலை. சங்கங்கள் சிக்கலில் மாட்டுவது அதற்குப் பிறகுதான். அப்போதும் பெரும்பாலும் யாரும் களவெடுத்திருக்க மாட்டார்கள். செலவழித்த காசுக்குத் தீர்மானமும் இருக்காது, பற்றுச்சீட்டும் இருக்காது. எல்லோரும் தெரிந்தவர்கள் என்பதால் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். கேள்வி வெளியிலிருந்து வரும் நாளில் "எங்களுக்குள் பேசித்தான் செய்தோம்" என்பது பதிலாகாது.

1. பதிவு தேவைதானா என்று முதலில் பாருங்கள்

நோக்கம் முழுவதும் பொதுத்தொண்டாக இருந்து, ஆண்டு வருமானம் 5,000 பவுணைத் தாண்டினால் சரிட்டி கமிஷனில் (பொதுத்தொண்டு அமைப்புகளான சரிட்டிகளை மேற்பார்வை செய்யும் அரச அமைப்பு) பதிய வேண்டியது சட்டக் கடமை. அதற்குக் கீழே உள்ள சாதாரண சங்கம் கமிஷனில் பதியாமலே இயங்கலாம். வரித் திணைக்களமான எச்எம்ஆர்சியிடம் மட்டும் அங்கீகாரம் பெற்று கிஃப்ட் எய்டும் (வரி கட்டுவோர் தரும் நன்கொடைக்கு மேல் அரசு தரும் தொகை) கோரலாம்.

"முழுவதும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒன்றுகூடல், கோடைகால விளையாட்டுப் போட்டி, ஆண்டு இரவு விருந்து ஆகியவைதான் உங்கள் முதன்மை வேலை என்றால் அது உறுப்பினர்களுக்கான சங்கம், சரிட்டி அல்ல. அதில் ஒரு குறையும் இல்லை. சாதாரணச் சங்கமாகவே இருந்துவிட்டு, சேரும் காசை ஏற்கெனவே பதிந்த ஒரு சரிட்டிக்குக் கொடுத்தால் அரைவாசித் தலையிடி போய்விடும். பதிவு எண் கடிதத் தலைப்பில் இருந்தால் மரியாதை என்பதற்காக மட்டும் பதிய வேண்டாம்.

2. அமைப்பு வடிவம்: பெரும்பாலானோருக்கு சிஐஓ

யாப்பு (சங்கத்தின் எழுத்து விதிகள்) மட்டும் உள்ள சாதாரணச் சங்கத்துக்குச் சட்டத்தின் முன் தனி ஆள் என்ற நிலை கிடையாது. மண்டபக் குத்தகையில் ட்ரஸ்டிகள் தங்கள் சொந்தப் பெயரில் கையெழுத்திடுகிறார்கள். பாக்கி விழுந்தால் அவர்கள் வீட்டுக் கதவுதான் தட்டப்படும். சிஐஓ என்பது சரிட்டிகளுக்கென்றே உள்ள கூட்டு நிறுவன வடிவம். ஒப்பந்தம், குத்தகை, வேலைவாய்ப்பு எல்லாம் அதன் பெயரிலேயே செய்யலாம். கம்பனிப் பதிவகத்துக்குத் தனியாக ஒன்றும் அனுப்ப வேண்டியதில்லை. வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சிஐஓ பதியப்பட்டே ஆகவேண்டும். பதியும் நாளில்தான் அது பிறக்கிறது.

சிஐஓவில் இரண்டு மாதிரி யாப்புகளைக் கமிஷன் இலவசமாக வைத்திருக்கிறது. ஒன்றில் ட்ரஸ்டிகள் மட்டுமே வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள். மற்றதில் பொது உறுப்பினர்கள் இருப்பார்கள், அவர்கள் பொதுக்கூட்டத்தில் ட்ரஸ்டிகளைத் தெரிவு செய்வார்கள். இந்தத் தெரிவை அவசரத்தில் செய்யாதீர்கள். பொது உறுப்பினர் வடிவத்தை எடுத்தால் யார் உறுப்பினர், யார் சேர்த்துக்கொள்வது, பொதுக்கூட்டத்துக்கு எத்தனை நாள் முன் சேர்ந்தவருக்கு வாக்கு என்பதை யாப்பிலோ அதன் கீழ் உள்ள விதிகளிலோ எழுதிவிடுங்கள். கோயில் வழக்குகளில் ஆண்டுக்கணக்கில் இழுபடும் கேள்வி பெரும்பாலும் கடவுளைப் பற்றியதோ காசைப் பற்றியதோ அல்ல. உறுப்பினர் பட்டியல் எது என்பதுதான். கூட்டத்துக்கு முதல் வாரம் நாற்பது பேர் சந்தா கட்டிச் சேரும் வழக்கம் உள்ள இடங்களில் இது விளையாட்டல்ல.

பொது உறுப்பினர் வடிவத்தின் மாதிரி யாப்புப்படி முதல் பொதுக்கூட்டம் பதிவிலிருந்து 18 மாதத்துக்குள், அதன்பின் 15 மாதத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல், குறைந்தது 14 முழு நாள் முன்னறிவித்தலோடு நடக்க வேண்டும். அறிவித்தல் அனுப்பிய நாளும் கூட்ட நாளும் அந்த 14 இல் சேராது. 13 நாள் அறிவித்தலில் நடந்த தெரிவு செல்லாது என்று தோற்றவர் வாதிடலாம், வாதிடுவார்.

ஏற்கெனவே சங்கம் இருந்தால் அது சிஐஓவாக "மாறுவது" இல்லை. புதிய சிஐஓவைப் பதிந்து, பழைய சங்கம் தீர்மானம் நிறைவேற்றிச் சொத்தைக் கையளித்துவிட்டுக் கலைய வேண்டும். பதிவு எண், வங்கிக் கணக்கு, எச்எம்ஆர்சி இலக்கம் எல்லாம் புதியவை. பழைய வங்கிக் கணக்கை உடனே மூடாதீர்கள். நிலையான கட்டளைகள் (உறுப்பினர்களின் வங்கியிலிருந்து தவணை தவறாமல் தானாக வரும் கொடுப்பனவுகள்) புதிய கணக்குக்கு மாறச் சில மாதங்கள் எடுக்கும்.

3. நோக்கப் பிரிவு: விண்ணப்பம் தடுக்கி விழும் இடம்

யாப்பின் மற்றப் பக்கங்கள் மாதிரியில் உள்ளபடியே போகலாம். நோக்கத்தை மட்டும் நீங்கள் எழுத வேண்டும். 2011 ஆம் ஆண்டின் சரிட்டிகள் சட்டம் 13 வகை நோக்கங்களைத் தருகிறது: வறுமை ஒழிப்பு, கல்வி, சமயம், சுகாதாரம், கலை பண்பாடு பாரம்பரியம், மனித உரிமை என்று போகும் பட்டியல். உங்கள் வாசகம் இவற்றில் ஒன்றுக்குள் முழுமையாக அடங்க வேண்டும், பயனும் பொதுமக்களுக்கோ அவர்களில் போதிய ஒரு பகுதிக்கோ போக வேண்டும்.

மறுக்கப்படக்கூடிய சில வாசகங்களையும் மாற்றையும் பாருங்கள்.

"பழைய மாணவர்களிடையே நட்பை வளர்த்தல், கல்லூரிக்கு உதவுதல்" என்பதில் முதல் பாதி சரிட்டி அல்ல. "இன்ன கல்லூரியிலும் அம்மாகாணத்தின் ஏனைய பாடசாலைகளிலும் கல்வி பயிலும் மாணவர்களின் கல்வியை மேம்படுத்தல்" என்று எழுதினால் போகும். ஏனைய பாடசாலைகளைச் சேர்ப்பது எதற்கென்றால், நாளை அந்தப் பாடசாலை வேறொன்றோடு இணைக்கப்பட்டாலோ தேவை பக்கத்துப் பாடசாலையில் இருந்தாலோ உங்கள் கை கட்டப்படாது.

"எங்கள் ஊர் மக்களின் முன்னேற்றம்" மிகவும் தெளிவற்றது. "முல்லைத்தீவு மாவட்டத்தில் வாழ்வோரின் வறுமையைப் போக்குதல்" என்பது தெளிவு. ஊர் என்பது ஒரு நிலப்பகுதியாக இருக்கும் வரை பிரச்சினை இல்லை. ஒரு குடும்பத்தின் வழித்தோன்றல்கள் என்று சுருங்கினால் பிரச்சினை.

"தமிழ் மக்களின் அரசியல் உரிமைக்காகப் போராடுதல்" பதிவாகாது. ஓர் அரசின் கொள்கையை மாற்றுவது சரிட்டியின் நோக்கமாக இருக்க முடியாது. மனித உரிமையை மேம்படுத்துவது நோக்கமாகலாம். அந்த நோக்கத்துக்குத் துணையாகச் சில பரப்புரைகளும் செய்யலாம். இரண்டையும் குழப்பினால் விண்ணப்பம் மாதக்கணக்கில் கேள்வி பதிலாக ஓடும்.

நோக்கத்தைப் பிறகு மாற்ற உறுப்பினர் தீர்மானம் மட்டும் போதாது, கமிஷனின் முன் அனுமதியும் வேண்டும். ஆகவே இந்த ஒரு பந்திக்கு ஒரு முழுக் கூட்டத்தையே ஒதுக்குங்கள்.

4. ட்ரஸ்டிகள்

குறைந்தது மூவர். ஐந்து முதல் ஏழு பேர் என்றால் வேலை ஓடும்; பதினைந்து பேர் என்றால் கூட்டம் மட்டும்தான் ஓடும். கணவன், மனைவி, மைத்துனர் என்று மூவரைப் போட்டால் கமிஷனும் வங்கியும் ஒரே கேள்வியைக் கேட்கும்: முரண்பாடு வந்தால் யார் முடிவெடுப்பது? உறவில்லாதவர்கள் பெரும்பான்மையாக இருக்கட்டும்.

சிஐஓவில் ட்ரஸ்டியாக 16 வயது போதும். வங்குரோத்து நீங்காதவர், கம்பனி இயக்குநராக இருக்கத் தடை பெற்றவர், மோசடி, பணச்சலவை, பயங்கரவாதம் போன்ற குற்றங்களுக்கான தண்டனை சட்டப்படி இன்னும் காலாவதியாகாதவர், பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் இருப்பவர் ஆகியோருக்குத் தகுதி இல்லை. தகுதியற்றவர் ட்ரஸ்டியாக இயங்குவதே குற்றம். பெயர் கொடுப்பதற்கு முன்னரே ஒவ்வொருவரையும் அறிவிப்புப் படிவத்தை வாசித்துக் கையெழுத்திடச் சொல்லுங்கள். வெட்கத்தில் கேட்காமல் விடுவது உதவாது.

தமிழர்களுக்கே உரிய ஒரு பொறி பெயர். சங்கத்தில் "சிவா அண்ணை", கடவுச்சீட்டில் தந்தை பெயர் முன்னால், ஓட்டுநர் அனுமதிப்பத்திரத்தில் பின்னால், வரிக் கடிதத்தில் முதலெழுத்து மட்டும். கமிஷன், வங்கி, எச்எம்ஆர்சி மூன்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடி ஒரே எழுத்துக்கூட்டலைக் கொடுங்கள். முழுப்பெயர், பிறந்த திகதி, தற்போதைய முகவரி, முந்தைய பெயர்கள், தேசியக் காப்புறுதி இலக்கம் ஆகியவற்றை ஒரே அட்டவணையில் முதலிலேயே எழுதி வைத்தால் அடுத்த மூன்று படிகளும் சுலபம்.

ட்ரஸ்டி வேலைக்குச் சம்பளம் இல்லை. பற்றுச்சீட்டோடு வரும் நியாயமான செலவை மீளப் பெறலாம். ட்ரஸ்டியின் கேட்டரிங், அச்சகம், மண்டபம் ஆகியவற்றைக் காசு கொடுத்துப் பயன்படுத்துவது எழுத்து ஒப்பந்தம், நியாயமான விலை, சம்பந்தப்பட்டவர் அந்த முடிவில் பங்கேற்காமை, பயன்பெறும் ட்ரஸ்டிகள் சிறுபான்மையாக இருத்தல் போன்ற நிபந்தனைகளோடு அனுமதிக்கப்படலாம். மூன்று விலைகோரல் எடுத்துக் கூட்டக் குறிப்பில் பதியுங்கள். "எங்கட ஆள், குறைத்துத் தருவார்" என்பது விலைகோரல் அல்ல.

5. விண்ணப்பம்

இணையவழி, கட்டணம் இல்லை. "பதிந்து தருகிறோம்" என்று நூற்றுக்கணக்கில் கேட்பவர்கள் செய்வது நீங்களே செய்யக்கூடியதைத்தான். நோக்கம் சிக்கலானதாகவோ பெரிய சொத்து மாற்றம் உள்ளதாகவோ இருந்தால் மட்டும் சட்டத்தரணியிடம் போங்கள்.

தேவையானவை: யாப்பு, எல்லா ட்ரஸ்டிகளும் கையெழுத்திட்ட அறிவிப்பு, ட்ரஸ்டிகளின் விபரம், நீங்கள் செய்யப்போகும் பணிகளின் விளக்கம். சிஐஓ அல்லாதவை 5,000 பவுண் வருமானத்துக்கு வங்கிக் கூற்று, கணக்கறிக்கை போன்ற சான்றும் காட்ட வேண்டும். பெயரைத் தெரிவு செய்யுமுன் பதிவேட்டில் தேடுங்கள். ஒரே கல்லூரியின் பெயரில் இரண்டு சங்கங்கள் இருப்பது நம்மிடம் புதிதல்ல, ஏற்கெனவே உள்ளதோடு மயங்கும் பெயரை மாற்றச் சொல்வார்கள்.

பணி விளக்கத்தில் நேரத்தைச் செலவழியுங்கள். "வறிய மாணவர்களுக்கு உதவுவோம்" என்ற ஒரு வரி கேள்விகளை அழைக்கும். எத்தனை பேருக்கு, யார் எந்த அளவுகோலில் தெரிவு செய்வது, காசு எந்த வழியில் போகும், அங்கே யார் பொறுப்பு, செலவானதை எப்படி உறுதி செய்வீர்கள் என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். கமிஷன் மின்னஞ்சலில் கேள்வி அனுப்பும், பதிலுக்குத் திகதியும் தரும். அந்த மின்னஞ்சல் செயலாளரின் குப்பைப் பெட்டியில் கிடந்து விண்ணப்பம் மூடப்படுவது உண்டு. தனிநபர் முகவரிக்குப் பதில் சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சலைத் திறந்து, இருவர் பார்க்கும்படி வையுங்கள். எளிய விண்ணப்பம் சில வாரங்களில் முடியும். வெளிநாட்டுப் பணி, சமயம், பிள்ளைகள் என்று இருந்தால் பல மாதங்களை எதிர்பாருங்கள். ஆவணியில் விழா, ஆடியில் விண்ணப்பம் என்று திட்டமிடாதீர்கள்.

6. வங்கிக் கணக்கு

பதிவு எண் வந்த வாரமே தொடங்குங்கள். பல இடங்களில் பதிவை விட இதுதான் நீண்டு போகிறது. கேட்பவை: யாப்பு, பதிவு எண், கணக்குத் திறக்கும் தீர்மானம் உள்ள கூட்டக் குறிப்பு, கையெழுத்திடுவோரின் அடையாளமும் முகவரிச் சான்றும், எதிர்பார்க்கும் வருமானம், காசு போகும் நாடுகள். இலங்கை என்று எழுதினால் மேலதிகக் கேள்வி வரும் என்பதற்காக அதை மறைக்காதீர்கள். பிறகு முதல் பணமாற்றத்திலேயே கணக்கு முடக்கப்படும்.

இணைய வங்கியில் ஒருவர் பதிய, மற்றவர் அனுமதிக்கும் இருவர் முறை கட்டாயம் வேண்டும். அந்த வசதி இல்லாத வங்கி வேண்டாம். பொருளாளரின் தனிக் கணக்கில் "தற்காலிகமாக" ஒரு பவுண்கூட வாங்க வேண்டாம். நிர்வாகம் மாறிய வாரமே கையெழுத்து அதிகாரத்தையும் வங்கிக்குக் கொடுத்த முகவரியையும் மாற்றுங்கள். வங்கியின் சரிபார்ப்புக் கடிதம் மூன்று நிர்வாகத்துக்கு முந்திய செயலாளர் வீட்டுக்குப் போய், பதில் இல்லாததால் கணக்கு மூடப்படுவது அடிக்கடி நடக்கும் விபத்து.

7. எச்எம்ஆர்சியும் கிஃப்ட் எய்டும்

கமிஷன் பதிவால் வரிச் சலுகை தானாக வராது. எச்எம்ஆர்சியிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கு விபரம் தேவை என்பதால் படி 6 முடிந்த பின்தான் இது. இதுவும் இலவசம்.

வரி கட்டும் ஒருவர் தரும் ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் கிடைக்கும். ஆண்டுக்கு 12,000 பவுண் தகுதியுள்ள நன்கொடை என்றால் 3,000 பவுண் மேலதிகம். கொடுத்தவரின் பெயர், வீட்டு முகவரி, எந்த நன்கொடைகளுக்கு என்பது, வரி குறைவாகக் கட்டியிருந்தால் வித்தியாசத்தைத் தானே கட்ட வேண்டும் என்ற வாசகம் ஆகியவற்றோடு அறிவிப்புப் படிவம் வேண்டும். எச்எம்ஆர்சியின் மாதிரிப் படிவத்தை அப்படியே எடுங்கள். நான்கு ஆண்டு வரை பின்னோக்கிக் கோரலாம். பதிவுகளை ஆறு ஆண்டு வைத்திருங்கள்.

கோர முடியாதவற்றைக் கோருவதுதான் பெரிய பொறி. விருந்து நுழைவுச்சீட்டு நன்கொடை அல்ல. சீட்டிழுப்புக் காசு நன்கொடை அல்ல. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் இருபது பேரிடம் 50 பவுண் சேர்த்துத் தன் கணக்கிலிருந்து 1,000 அனுப்பினால், அது அவருடைய 1,000 பவுண் நன்கொடை அல்ல. யார் எவ்வளவு தந்தார் என்ற பதிவும் இருபது பேரின் இருபது அறிவிப்புகளும் வேண்டும். கடையின் கம்பனிக் கணக்கிலிருந்து வந்ததற்கும் கிஃப்ட் எய்ட் கிடையாது.

பெட்டியில் விழும் சில்லறைக்கு வேறு திட்டம் உண்டு: ஒருவரின் 30 பவுணுக்கு மேற்படாத ரொக்கம் அல்லது அட்டைத் தட்டல், ஆண்டுக்கு 8,000 பவுண் வரை, அதாவது 2,000 பவுண் மேலதிகம். ஆனால் அதே ஆண்டு கிஃப்ட் எய்ட் கோரிய நன்கொடையின் பத்து மடங்குக்கு மேல் போக முடியாது. வரி ஆண்டு முடிந்து இரண்டு ஆண்டுக்குள் கோர வேண்டும்.

8. ரொக்கமும் தினசரி ஒழுங்கும்

உண்டியல் திறக்கும்போது உறவினர் அல்லாத இருவர், எண்ணிய தாளில் இருவர் கையெழுத்து, அந்தத் தொகை முழுவதும் வங்கிக்கு. பூக்காரருக்கும் மரக்கறிக் கடைக்கும் பெட்டியிலிருந்தே கொடுத்துவிட்டு மீதியை வைப்பிலிடுவது மிகப் பரவலான பழக்கம். வருமானம், செலவு இரண்டுமே கணக்கில் குறைந்து தெரியும். எந்தக் கணக்காய்வாளருக்கும் முதலில் கண்ணில் படுவது இதுதான். சில்லறைச் செலவுக்கு 200 பவுண் போல ஒரு நிலையான தொகையைத் தனியாக வைத்து, பற்றுச்சீட்டுக்கு ஈடாக மட்டும் நிரப்புங்கள். பற்றுச்சீட்டுப் புத்தகம் தொடரிலக்கம் இட்டதாக இருக்கட்டும். பழுதான சீட்டையும் கிழித்தெறியாமல் கோடிட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை வங்கிக் கூற்றோடு ஒத்துப்பார்த்து, பொருளாளர் அல்லாத ஒருவர் ஒப்பமிட வேண்டும்.

விழா மண்டபத்திலேயே விற்று முடிக்கும் சீட்டிழுப்புக்குப் பதிவு தேவையில்லை. வாரக்கணக்கில் வெளியே விற்றால் உள்ளூராட்சி மன்றத்தில் பதிய வேண்டும்: முதலாண்டு 40 பவுண், பின் ஆண்டுக்கு 20.

அவசர நிதி சேர்க்கும்போது துண்டுப்பிரசுரத்தில் "மேலதிகமாகச் சேரும் நிதி எமது பொதுப் பணிகளுக்குப் பயன்படுத்தப்படும்" என்று ஒரு வரி போடுங்கள். அது இல்லாமல் வெள்ள நிவாரணத்துக்கென்று சேர்த்ததை நினைத்தபடி வகுப்பறைக்குச் செலவழிக்க முடியாது.

9. இலங்கைக்குப் பணம் அனுப்புதல்

வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுத்த காசு தொண்டுக்கே செலவாகும் என்பதை உறுதிசெய்ய நியாயமான நடவடிக்கை எடுத்தீர்கள் என்று காட்ட முடியாவிட்டால், எச்எம்ஆர்சி அதைத் தொண்டல்லாத செலவாகக் கொண்டு வரி விதிக்கலாம். அனுப்பிய பின் சான்று தேடுவது வீண் அலைச்சல். ஒழுங்கு இப்படி இருக்கட்டும்.

முதலில் அங்கிருந்து எழுத்தில் கோரிக்கை. பாடசாலை என்றால் அதிபரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து கொடுக்கட்டும். கட்டட வேலை என்றால் வலயக் கல்விப் பணிமனையின் சம்மதம் இல்லாமல் கல் வைக்க வேண்டாம். தொண்டு நிறுவனம் என்றால் 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டப்படியோ வேறு வகையிலோ பதிந்த சான்றிதழின் பிரதி. அந்த அமைப்பின் பொறுப்பாளர் பெயர்களைப் பிரித்தானியத் தடைப்பட்டியலில் தேடி, தேடிய திகதியோடு பக்கத்தைச் சேமியுங்கள். 2001 முதல் இங்கே தடைசெய்யப்பட்டுள்ள விடுதலைப் புலிகளோடு தொடர்புபடுத்தக்கூடிய எதற்கும் சரிட்டியின் காசோ மேடையோ இணையத்தளமோ பயன்படக் கூடாது. இதில் தனிப்பட்ட கருத்துக்கு இடமில்லை. சந்தேகம் எழுந்தால் காவல்துறைக்கு அறிவிக்கும் கடமையும் சட்டத்தில் உண்டு.

அடுத்தது இரண்டு பக்க ஒப்பந்தம்: தொகை, நோக்கம், தவணைகள், அறிக்கைத் திகதி, மிஞ்சினால் திருப்புவது. தவணையை 40, 40, 20 சதவீதமாகப் பிரித்து, முந்தியதன் கணக்கு வந்த பின் அடுத்ததை அனுப்பினால் கணக்குத் தானாக வரும். முழுவதையும் ஒரே தடவையில் அனுப்பிவிட்டு ரசீது கேட்டால் வராது, அனுப்பியவர் தொலைபேசியில் கெஞ்ச வேண்டியதுதான்.

பணம் வங்கியூடாக, அமைப்பின் பெயரில் உள்ள, இருவர் கையெழுத்திடும் கணக்குக்கு. அதிபரின் தனிக் கணக்குக்கோ ட்ரஸ்டியின் தம்பி கணக்குக்கோ அல்ல. பதிவற்ற உண்டியல் முறையில் (வங்கிக்கு வெளியே, முகவர்கள் ஊடாக) அனுப்பினால் நாணய மாற்றில் கொஞ்சம் கூடக் கிடைக்கலாம். ஆனால் கணக்கில் காட்ட ஒரு தாள்கூட இருக்காது. வங்கிமுறைக்கு வெளியே அனுப்பினீர்களா என்று ஆண்டுப் படிவத்திலேயே கமிஷன் கேட்கிறது. கையில் கொண்டுபோவதும் அப்படித்தான். 10,000 பவுணும் அதற்கு மேலும் என்றால் புறப்படும்போது சுங்கத்துக்கு அறிவிக்காமல் கொண்டுசெல்வது சட்டமீறல்.

கடைசியில் சான்று: விலைச்சிட்டைகள், பயனாளிகள் கையெழுத்திட்ட பட்டியல், திகதியுள்ள படங்கள், அனுப்பிய நாளின் மாற்றுவிகிதத்தோடு பவுணும் ரூபாயும் ஒன்றாகக் காட்டும் ஒரு தாள். வறியவரின் முகம் தெரியும் படங்களை முகநூலில் போடுவது சான்றும் அல்ல, மரியாதையும் அல்ல. புலமைப்பரிசில் பட்டியலில் ட்ரஸ்டியின் உறவினர் இருந்தால் அந்தத் தெரிவில் அவர் கலந்துகொள்ளவில்லை என்று குறிப்பில் இருக்க வேண்டும்.

10. இடர்ப் பதிவேடு: ஒரு தாள் போதும்

நாற்பது வரிப் பதிவேட்டை யாரும் திறப்பதில்லை. எட்டு முதல் பத்து இடர்களை எழுதுங்கள்: ஒரே பொருளாளரை நம்பியிருத்தல், ரொக்க இழப்பு, மண்டபக் குத்தகை முடிவு, பிள்ளைகள் பாதுகாப்பு, இலங்கைப் பங்காளி கணக்குத் தராமை, நிர்வாகப் பிளவு, வங்கிக் கணக்கு முடக்கம். நிகழும் வாய்ப்புக்கு 1 முதல் 5, பாதிப்புக்கு 1 முதல் 5. இரண்டையும் பெருக்குவதுதான் வழக்கம். கமிஷனின் இடர் வழிகாட்டியான சிசி26 பெருக்கத்தோடு பாதிப்பை இன்னொரு முறை கூட்டும் முறையைக் காட்டுகிறது. சிறிய சங்கத்துக்கு அதுவே பொருத்தம். அரிதாக நடக்கும் பேரிடர் 1×5+5=10. அடிக்கடி நடக்கும் சிறு தொல்லை 5×1+1=6. வெறும் பெருக்கத்தில் இரண்டுக்கும் 5தான். ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பானவர் பெயரும் அடுத்து செய்யும் வேலையும் இருக்கட்டும். ஆண்டில் இருமுறை கூட்டத்தில் எடுத்துப் பாருங்கள்.

11. பிள்ளைகள், தரவு, காப்புறுதி

தமிழ்ப் பள்ளி என்றால் ஆசிரியர் வகுப்பில் கால் வைக்கும் முன் டிபிஎஸ் உயர்நிலைச் சரிபார்ப்பு (குற்றப்பதிவுச் சோதனை). தொண்டர்களுக்கு அரச கட்டணம் இல்லை, விண்ணப்பத்தை அனுப்பித் தரும் இடைநிலை அமைப்பின் கட்டணம் மட்டும். சம்பளம் பெறுவோருக்கு 49.50 பவுண். சரிபார்ப்புத் தாள் மட்டுமே பாதுகாப்பு அல்ல: பொறுப்பாளர் ஒருவர் பெயரோடு, முறைப்பாடு வந்தால் யாருக்கு அறிவிப்பது என்பது சுவரில் இருக்க வேண்டும். பெரியவர் மதிப்புக் கெடும் என்று உள்ளே பேசி முடிக்கும் பழக்கம் இங்கே செல்லாது.

கோயிலில் கண்காணிப்புக் கமெரா இருந்தால் தரவுப் பாதுகாப்பை மேற்பார்வை செய்யும் தகவல் ஆணையர் அலுவலகத்துக்கு ஆண்டுக்கு 52 பவுண் கட்டுங்கள். சம்பளத்துக்கு ஒருவர் இருந்தாலும் தொழில்வழங்குநர் காப்புறுதி சட்டக் கட்டாயம், குறைந்தது 50 லட்சம் பவுண் வரை. பொதுப் பொறுப்புக் காப்புறுதி இல்லாமல் பல மண்டபங்கள் முன்பதிவு தராது.

12. ஆண்டுக் கணக்கும் படிவமும்

நிதியாண்டு முடிந்து 10 மாதத்துக்குள். மார்ச் 31 என்றால் கடைசி நாள் ஜனவரி 31. பள்ளியாண்டோடு ஓகஸ்ட் 31 என்று வைத்தால் ஜூன் 30. சிஐஓக்கள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் கணக்கையும் ட்ரஸ்டிகளின் அறிக்கையையும் அனுப்ப வேண்டும். தாமதித்தால் பொதுப் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே அது தெரியும். நிதி கொடுப்போர் முதலில் பார்ப்பது அந்தப் பக்கம்.

2025 நிலவரப்படி, ஆண்டு வருமானம் 2,50,000 பவுண் வரை என்றால் வரவு செலவுக் கணக்கும் சொத்து விபரமும் போதும். 25,000 தாண்டினால் சுயாதீனப் பரிசோதகர் பார்க்க வேண்டும். 2,50,000 தாண்டினால் அவர் அங்கீகரிக்கப்பட்ட கணக்காளர் அமைப்பின் உறுப்பினராக இருக்க வேண்டும், கணக்கும் முழுமுறையில் இருக்க வேண்டும். 10 லட்சம் தாண்டினால் முழுக் கணக்காய்வு. இந்த எல்லைகள் காலத்துக்குக் காலம் உயர்த்தப்படுபவை. உங்கள் ஆண்டுக்குரியதைக் கமிஷன் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பரிசோதகர் ட்ரஸ்டியின் துணையாகவோ கணக்கை எழுதியவராகவோ இருக்கக் கூடாது.

ஊர் யாப்பைப் பார்த்து எழுதிய பல யாப்புகளில் "ஆண்டுதோறும் கணக்காய்வாளர் தெரிவு செய்யப்படுவார்" என்ற வரி இருக்கும். 8,000 பவுண் சங்கம் அந்த ஒரு வரியால் ஆயிரக்கணக்கில் கணக்காய்வுச் செலவைத் தலையில் போட்டுக்கொள்கிறது. "சட்டம் கோரும் வகையில் கணக்குகள் பரிசோதிக்கப்படும்" என்று எழுதுங்கள்.

அறிக்கைக்கு நான்கைந்து பக்கம் போதும். செய்தவை, அதனால் பொதுமக்களுக்கு வந்த பயன், ட்ரஸ்டிகளின் பெயர், கையிருப்பு எவ்வளவு, ஏன் அவ்வளவு என்ற கொள்கை. 60,000 பவுணை வங்கியில் வைத்துக்கொண்டு காரணம் எழுதாமல் விட்டால் கேள்வி வரும். கட்டட நிதி என்றால் அப்படியே எழுதுங்கள்.

13. பிழைத்துப்போனால்

களவு, மோசடி, பிள்ளை பாதிக்கப்படுதல், பயங்கரவாதத் தொடர்புக் குற்றச்சாட்டு, பெரிய இழப்பு ஆகியவற்றைக் கமிஷனின் இணையப் படிவத்தில் தாமதமின்றி அறிவிக்க வேண்டும். குற்றமில்லாத இழப்புக்கு 25,000 பவுண் அல்லது வருமானத்தின் 20 சதவீதம் ஓர் அளவுகோல். சிறிய சங்கத்துக்கு அதற்குக் குறைந்ததும் பாரதூரமாகலாம். குற்றம் என்றால் காவல்துறை முதலில், அவர்கள் தரும் முறைப்பாட்டு இலக்கத்தை அறிக்கையில் எழுதுங்கள். உறுப்பினர் விபரம் கசிந்து யாருக்காவது தீங்கு வரக்கூடுமானால் தகவல் ஆணையருக்கு 72 மணித்தியாலத்துக்குள். வருமானம் 25,000 தாண்டிய சரிட்டிகள், அறிவிக்காமல் விட்ட சம்பவம் ஏதும் இல்லை என்று ஆண்டுப் படிவத்தில் உறுதி கூறுவதால், மறைத்தால் அது இரண்டாவது குற்றமாக நிற்கும்.

அறிக்கையில் எழுத வேண்டியவை: என்ன நடந்தது, எப்போது தெரியவந்தது, யாருக்குப் பாதிப்பு, உடனே என்ன செய்தீர்கள், இனி நடக்காமல் என்ன மாற்றம். ட்ரஸ்டிகள் கூடித் தீர்மானித்த திகதியையும் சேருங்கள். நிர்வாகம் மாறும்போது இந்த அறிக்கைகளின் பிரதிகள், கமிஷன் கணக்கின் உள்நுழைவு, எச்எம்ஆர்சி உள்நுழைவு, சங்க மின்னஞ்சல், வங்கி அதிகாரப் பத்திரம், ஆறு ஆண்டுப் பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, பழைய செயலாளரும் புதிய செயலாளரும் ஒரே நாளில் கையெழுத்திட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.